எழுபது வளைவில் ஏறும் மலை

செய்ய வேண்டியது முழுவதும் ஒரே நேரத்தில் மனத்துக்குள் வந்து நிற்கும்போது கை ஓடாமல் போகும் நிலையே மலைப்பு. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட பட்டா மாறுதல், முப்பது பாடம் பாக்கியிருக்கும் தேர்வு, தவணைகள் குவிந்துவிட்ட குடும்பக் கடன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாது; தெரியாததால் தொடங்குவதே இல்லை. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வது இதற்கு வீட்டுப் பெரியவர்கள் தரும் பழைய யோசனை. அது ஏன் பலிக்கிறது, எப்போது பலிக்காது, படி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இயற்பியலும் மூளையியலும் உளவியலும் விடை தேடியிருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்த விடைகளில் பலவற்றைக் கண்ணெதிரே பார்க்கலாம். மலையேறும் சாலை ஒரு சான்று. கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சிறுதானியங்களை அந்த மலை மக்கள் மீட்கத் தொடங்கிய விதம் இன்னொரு சான்று.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அது எத்தனையாவது வளைவு என்று பலகை சொல்லும். இத்தனை வளைவு எதற்கு என்பது எளிய கணக்கு. 10 டன் எடையுள்ள பேருந்து ஒன்றை 1,000 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 9.8 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். நேராக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் ஈர்ப்பு விசை கேட்கும் இந்தக் கணக்கில் ஒரு ஜூல்கூடக் குறையாது. குறைவது, அந்தந்த நொடியில் எஞ்சின் தர வேண்டிய விசை. 30 பாகைச் சரிவில் நேராக ஏறினால் பேருந்தின் எடையில் பாதியை, அதாவது 5 டன்னை, எஞ்சின் இழுக்க வேண்டும். தூரம் 2 கிலோமீட்டர். 15 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் இழுக்க வேண்டியது முக்கால் டன்னுக்கும் குறைவு; தூரம் 15 கிலோமீட்டர். முதல் சாலையில் எந்தப் பேருந்தும் ஏறாது. இரண்டாவது சாலையில் காய்கறி மூட்டையோடு நிறைந்து வழியும் நகரப் பேருந்தும் ஏறிவிடும்.

சுற்றுப் பாதைக்கும் ஒரு விலை உண்டு. தூரம் கூடுவதால் உராய்வில் வீணாகும் ஆற்றல் கூடுகிறது, நேரமும் கூடுகிறது. அப்படியானால் எவ்வளவு சுற்றலாம்? நடந்து ஏறும் மனிதரைப் பொறுத்தவரை இதற்கு அளந்து கண்ட விடை இருக்கிறது. இத்தாலிய உடலியங்கியல் அறிஞர் ஆல்பெர்ட்டோ மினெட்டி 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் உடல் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவாக இருப்பது சுமார் 25 விழுக்காட்டுச் சாய்வில், அதாவது நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில். அதைவிடச் செங்குத்தானால் தசைக்குச் செலவு ஏறுகிறது. அதைவிடச் சமதளமானால் வெட்டி நடை கூடுகிறது. மலைவாழ் மக்கள் காலால் மிதித்தே உருவாக்கிய ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் இந்தச் சாய்வை ஒட்டியே அமைந்திருக்கின்றன என்பதும் அந்த ஆய்வில் உண்டு. படி சிறிதாக இருக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான். மிகச் சிறிதானாலும் நட்டம் வரும்.

மலை தன் உண்மையான சரிவைவிடச் செங்குத்தாகவே மனிதக் கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பிராஃபிட்டும் அவருடைய குழுவினரும் 1995இல் இதை அளந்தார்கள். 5 பாகைச் சரிவை அடிவாரத்தில் நின்று பார்த்தவர்கள் சுமார் 20 பாகை என்றார்கள். 10 பாகைச் சரிவை 30 பாகை என்றார்கள். 1999இல் வந்த அடுத்த ஆய்வு, முதுகில் சுமை இருந்தாலோ உடல் களைத்திருந்தாலோ அதே மலை இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்றது. முதுகுச்சுமை முடிவைப் பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் ஆய்வின் நோக்கத்தை ஊகித்து அதற்கேற்ப விடை சொல்லியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் சரிவு கூட்டித்தான் தெரிகிறது என்ற முதல் முடிவு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஏறத் தொடங்கும் முன்பே மனம் ஏற்றத்தைப் பெருக்கிக் காட்டுகிறது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்டைக்குள் நடப்பதற்கு வருவோம். ஒரு வேலையைப் பற்றி யோசிக்கும்போது அதன் கூறுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தை உளவியலார் செயல்படு நினைவு என்பார்கள். அது மிகக் குறுகலான இடம். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதன் கொள்ளளவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று சொன்னது. நெல்சன் கோவன் 2001இல் சான்றுகளை மறுபடி சலித்துப் பார்த்து, மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போன்ற உதவிகளை நீக்கினால் நான்கு அளவில்தான் தேறும் என்றார். ஒரு கல்யாண வீட்டு வேலையை எடுத்துக்கொண்டால் மண்டபம், சமையல், பத்திரிகை, நகை, துணிமணி, வெளியூர் உறவினர் தங்குமிடம், கைமாற்றுப் பணம் என்று ஏழு தலைப்பு எண்ணுவதற்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே பத்து உட்பிரிவு. நான்கு பொருள் கொள்ளும் இடத்தில் எழுபதைத் திணிக்கும்போது எதுவும் முழுதாக நிற்காது. ஒன்றை நினைத்தால் இன்னொன்று நழுவும். நழுவியது எது என்ற கவலை மிஞ்சும்.

கவலை கூடினால் நிலைமை மேலும் கெடுகிறது. திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, அவசரமில்லாததை ஒதுக்கி வைப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புற மூளைப் புறணியின் வேலை. யேல் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் ஏமி ஆர்ன்ஸ்டனின் பல்லாண்டு ஆய்வு இந்தப் பகுதி மன அழுத்தத்துக்கு எவ்வளவு எளிதில் வசப்படுகிறது என்பதைக் காட்டியது. நோர்அட்ரினலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்கள் மிதமான அளவில் சுரந்தால் அங்குள்ள நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன. கட்டுப்படுத்த முடியாத அழுத்தம் வந்து அவை மிகுதியாகச் சுரக்கும்போது அதே இணைப்புகள் தளர்ந்துபோகின்றன. கட்டுப்பாடு அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் பக்கமும் பழக்கத்தை நடத்தும் ஆழ்மூளைப் பகுதிகளின் பக்கமும் சாய்கிறது. திட்டமிடும் திறன் மிகவும் தேவைப்படும் வேளையில் அந்தத் திறனே குறைந்துவிடுகிறது. மலைத்துப்போனவர் கைபேசியை எடுத்து வெறுமனே தள்ளிக்கொண்டிருப்பதும் அலமாரியை அடுக்கத் தொடங்குவதும் சோம்பலால் வருபவை என்று சொல்வது நியாயமல்ல. யோசனை தேவைப்படாத பழகிய செயலை மூளை பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஆர்ன்ஸ்டன் ஆய்வில் வரும் ஒரு சொல் முக்கியமானது: கட்டுப்படுத்த முடியாத அழுத்தம். அழுத்தம் அதே அளவு இருந்தாலும், தன்னால் அதில் ஏதோ செய்ய முடியும் என்ற உணர்வு இருந்தால் முன்புற மூளையின் செயல்பாடு அந்த அளவுக்குக் குலைவதில்லை. சிறு படி செய்யும் வேலை இதுதான். வேலை அப்படியே இருக்கிறது. அதில் ஒரு துண்டு கைக்குள் அடங்குகிறது.

கைக்குள் அடங்குவதன் விளைவை அளந்து காட்டிய சோதனைகளில் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்டது தனி இடம் பெறுகிறது. கழித்தல் கணக்கில் பின்தங்கிய, கணக்கென்றாலே முகம் சுளிக்கும், ஏழு முதல் பத்து வயதுக்குள்ளான 40 குழந்தைகள். தாங்களாகவே படித்துக் கணக்குப் போட வேண்டிய 42 பக்கங்கள் ஏழு அமர்வுகளுக்காக அவர்களுக்குத் தரப்பட்டன. ஒரு பிரிவினரிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கலாமே என்று சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கலாமே என்று சொன்னார்கள். மூன்றாம் பிரிவினருக்கு இலக்கு எதுவும் இல்லை. பெருக்கிப் பார்த்தால் முதல் இரண்டும் ஒரே வேலை. ஆனால் ஆறு பக்க இலக்கு பெற்ற குழந்தைகள்தான் வேகமாக முன்னேறினார்கள், கழித்தலில் தேர்ந்தார்கள், தங்களால் முடியும் என்று நம்பினார்கள். யாரும் சொல்லாமல் தாங்களாகவே கணக்குப் போடவும் விரும்பினார்கள். 42 பக்க இலக்கு பெற்றவர்களோ இலக்கே இல்லாதவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. தொலைவில் நிற்கும் பெரிய இலக்கு பிள்ளைகளை ஊக்குவிக்கும் என்று நம்பும் பள்ளிகளும் பெற்றோரும் இந்த முடிவை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாண்டு கழித்து, 1984இல், கார்ல் வைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இந்த வாதத்தைத் தனிமனிதரிலிருந்து சமூகத்துக்கு நகர்த்தினார். பசி, குற்றம், மாசு போன்றவற்றை மாபெரும் சிக்கல்கள் என்று அறிவிப்பதே அவற்றின் தீர்வுக்குத் தடையாகிறது. சிக்கலின் அளவு மனிதரின் படபடப்பை உயர்த்தி, யோசிக்கும் ஆற்றலை முடக்குகிறது என்றார். சிறு வெற்றிகள் என்ற கருத்தை அவர் மாற்றாக முன்வைத்தார். இதற்கு அவர் தந்த வரையறை பலராலும் மறக்கப்படுகிறது. சிறு வெற்றி உறுதியாகக் கண்ணில் படுவதாகவும், முழுமையாக முடிந்ததாகவும், செயலுக்கு வந்ததாகவும், மிதமான முக்கியத்துவம் உடையதாகவும் இருக்க வேண்டும். பெரிய வேலையிலிருந்து கிழித்தெடுத்த துண்டெல்லாம் சிறு வெற்றி ஆகாது. அந்தத் துண்டு தன்னளவில் முடிந்து நிற்க வேண்டும். அதோடு நிறுத்தினாலும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். வைக் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று 1970இல் தொடங்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதன் முதல் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ் நாட்டின் மாசு முழுவதையும் ஒரேயடியாகத் துடைக்கப் புறப்படவில்லை. சில நகரங்களின் நீர் மாசை முதலில் எடுத்துக்கொண்டு வழக்குத் தொடுத்தார்.

முழுமையாக முடிந்த சிறு படி என்றால் என்ன என்பதற்குக் கொல்லிமலையின் சிறுதானியக் கதையைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. அந்த மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவோர். கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாதவர்கள், தமிழ் பேசுபவர்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை தலைமுறை தலைமுறையாக அவர்கள் உணவு. ஒவ்வொன்றிலும் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பல ரகங்கள் இருந்தன: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, செந்தினை, பாலந்தினை, பெருந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று பெயர் நீளும். கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தப் பயிர்கள் வேகமாகச் சுருங்கின. சாலை வந்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை வாங்கத் தயாராக இருந்தன. கிழங்கு கையில் காசு தந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சிறுதானிய நிலம் மரவள்ளிக்கு மாறியது.

காசும் ரேஷன் அரிசியும் மட்டுமே காரணம் என்று நினைத்தால் சமையற்கட்டைப் பார்க்கத் தவறிவிடுவோம். சாமை மணி மிகச் சிறியது. ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு, மூன்று கிராம்தான் தேறும். அந்தச் சின்ன மணியைக் கடினமான உமி இறுக்கிப் பிடித்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். குத்தியதை முறத்தில் போட்டுப் புடைத்து உமியைப் பிரிக்க வேண்டும். உமி போகாத மணிகள் மறுபடி உரலுக்கே வரும். ஓங்கிக் குத்தினால் மணி உடைந்து நொய்யாகும், மெதுவாகக் குத்தினால் உமி கழலாது. தினைக்கும் பனிவரகுக்கும் இதே பாடு. கேழ்வரகு மணியில் இப்படி ஒட்டிய உமி கிடையாது. திருகையில் அரைத்தால் மாவாகிவிடும். காட்டு வேலை முடிந்து வந்த பெண்தான் இதையும் செய்ய வேண்டியிருந்தது. ரேஷன் அரிசியைக் கழுவி உலையில் போட்டால் வேலை முடிந்தது. எந்தப் பெண்ணும் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியது. மரபு ரகங்கள் அழிகின்றன, நிலம் கைமாறுகிறது, உணவுப் பழக்கம் மாறுகிறது, சந்தை இல்லை, இளைய தலைமுறைக்கு ஈடுபாடு இல்லை என்று சிக்கலைப் பட்டியலிட்டால் எவரும் கை விரித்துவிடக்கூடிய நிலை. மரவள்ளியைக் கைவிடுங்கள் என்று உழவரிடம் கேட்டிருந்தால் அது 30 பாகைச் சரிவில் நேராக ஏறச் சொன்னதற்குச் சமம். வேலை வேறு வழியில் நடந்தது. எந்த வீட்டில் எந்த ரகம் இன்னும் இருக்கிறது என்று உழவரோடு சேர்ந்து தேடிக் குறித்தார்கள். கிடைத்த விதை ஊரிலேயே நிற்கும்படி விதை வங்கிகள் அமைந்தன. மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையில் தானியம் சேமிக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்ததால் இது வெளியிலிருந்து வந்த புதுமையாகத் தெரியவில்லை. விதைப்புக்கு விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தருவார். மலையில் வேறு எதுவுமே மாறாமல் போயிருந்தாலும் அந்த ரகம் அழியாமல் நின்றிருக்கும். வைக் சொன்ன முழுமை இங்கே இருக்கிறது.

அடுத்து வயல். கைவீச்சில் தூவி விதைப்பதற்குப் பதில் வரிசையாக விதைப்பது, விதை அளவைக் குறைப்பது, மட்கிய எருவைச் சேர்ப்பது ஆகியவை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கப்பட்டன. மரவள்ளிக்கு இடையில் கேழ்வரகை ஊடுபயிராக இடும் முறை வந்தது. கிழங்கின் வருமானமும் போகவில்லை, தானியமும் வீட்டுக்கு வந்தது. உழவர் எதையும் பணயம் வைக்காமல் முயன்று பார்க்க முடிந்ததே இந்தப் படியின் சிறப்பு. ஒரு துண்டு நிலத்தில் செய்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த போகத்தில் விட்டுவிடலாம்.

ஆனால் விதையும் விளைச்சலும் கூடினாலும் உரல் அதே இடத்தில்தான் இருந்தது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சிறு படிகளைப் புகழ்ந்து பேசும் எழுத்துகளில் பெரும்பாலும் அது விடுபட்டுப் போகிறது. உலக்கை குத்தும் வேலையை எத்தனை சிறு பகுதியாகப் பிரித்தாலும் அது லேசாகாது; இன்றைக்குக் கால்படி, நாளைக்குக் கால்படி என்று குத்தினாலும் தோள்வலி மொத்தத்தில் அதேதான். அந்தச் சுமையை ஒருவர் முதுகிலிருந்து இறக்கத்தான் வேண்டும். சிறுதானியத்துக்கு ஏற்ற அரவை இயந்திரங்கள் ஊர்களில் வைக்கப்பட்டன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தும் பொறுப்பை ஏற்றன. பல தடைகளுக்கு நடுவே எந்த ஒன்றை நகர்த்தினால் மற்றவை தானாக நெகிழும் என்று கண்டுபிடிப்பதுதான் படி பிரிப்பதிலேயே கடினமான பகுதி. கொல்லிமலையில் அந்த ஒன்று உமி. உமி நீங்கிய தானியம் எளிதாகக் கிடைத்த பிறகுதான் சாமை ரவை, தினை மாவு, கேழ்வரகுச் சத்துமாவு என்று பொருள்கள் செய்து, பொட்டலமிட்டு, மலைக்கு வெளியே விற்பது நடக்கக்கூடியதாயிற்று. குழுக்களும் உழவர் அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகப் பதிவு பெற்று விற்பனையைத் தாங்களே கவனிக்கும் நிலைக்கு வந்ததும் அதன் பிறகுதான்.

இத்தனைக்கும் பின் மரவள்ளி மலையை விட்டுப் போய்விடவில்லை. பழைய பரப்பு முழுவதும் சிறுதானியத்துக்குத் திரும்பவும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து நாடெங்கும் சாமைக்கும் தினைக்கும் தேடல் கூடியபோது, விதையும் அரவையும் விற்பனை அனுபவமும் கையில் உள்ள இடமாகக் கொல்லிமலை இருந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் ஊர்ப் பெண்களும் உழவர்களும் எடுத்துவைத்த படிகளின் பலன் அது. அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் போதுமான அளவு கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

படிகளாகப் பிரித்துக்கொண்டு புறப்பட்டவரும் ஓரிடத்தில் சோர்கிறார். அது பெரும்பாலும் நடுவழி. இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதைக் கிளார்க் ஹல் 1930களில் எலிகளைக் கொண்டு கண்டறிந்தார். பத்து காப்பி குடித்தால் ஒன்று இலவசம் என்னும் அட்டை வைத்திருப்பவர்கள் அட்டை நிறைய நிறைய அடிக்கடி கடைக்கு வருகிறார்கள் என்று ரான் கிவெட்ஸ் குழுவினர் 2006இல் காட்டினார்கள். தொடக்கத்தில் கடந்து வந்ததைப் பார்த்து ஊக்கம் பிறக்கிறது, முடிவில் மிச்சத்தைப் பார்த்து ஊக்கம் பிறக்கிறது. நடுவில் இரண்டுமே பெரிதாகத் தெரிவதால் ஓர் அடி எடுத்து வைப்பது எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கியதாகத் தோன்றுவதில்லை. பயணம் நீளமானால் இந்த நடுப்பகுதியும் நீளும். கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிவிட்டு மேலே ஏறுபவர்கள் இதை உடம்பாலேயே அறிவார்கள். கால் நடுங்குவதும் மனம் தளர்வதும் பாதித் தொலைவில்தான்.

மின்ஜுங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நடைமுறை வழி சொல்கிறது. முடித்தது, மிச்சம் இரண்டில் எது சிறியதோ அதன்மேல் கண்ணை வைக்க வேண்டும். சாலை வளைவுப் பலகையை வைத்துச் சொன்னால், ஏழாவது வளைவில் நிற்பவர் ஏழு கடந்ததை எண்ண வேண்டும். அறுபத்து மூன்றாவது வளைவில் நிற்பவர் ஏழு மிச்சமிருப்பதை எண்ண வேண்டும். முப்பத்தைந்தாவதில் நிற்பவருக்கு இரண்டும் உதவாது. அவர் எழுபதை மறந்துவிட்டு, அடுத்த ஐந்து வளைவையே ஒரு பயணமாக வைத்துக்கொள்வது நல்லது. பெரிய வேலையை இடையிடையே முடிவுள்ள பகுதிகளாக வெட்டுவதன் பயன்களில் ஒன்று, நீண்ட நடுவழி என்று ஒன்று இல்லாமல் போவது.

வெட்டிய படியைத் தலைக்குள் வைத்துக்கொள்ளாமல் தாளில் எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்கும் சான்று இருக்கிறது. முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நினைவில் தங்கும் என்று புளூமா ஜைகார்னிக் 1927இல் எழுதினார். அந்த முடிவு பின்வந்த ஆய்வுகளில் ஒரே சீராக நிலைக்கவில்லை. ஆனால் முடியாத வேலை மற்ற யோசனைகளுக்கு நடுவே வந்து குறுக்கிடுவது அன்றாட அனுபவம். மசிக்கம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் கண்டது இது: அந்தக் குறுக்கீட்டை நிறுத்த வேலையை முடிக்க வேண்டிய அவசியமில்லை, எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது. பீட்டர் கோல்விட்சர் 1990களில் விளக்கிய வழி இதோடு பொருந்தும். பட்டா வேலையைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதற்குப் பதில், வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கி வந்ததும் பத்திரத்தின் நகலை எடுத்து உறையில் போடுவேன் என்று நேரத்தையும் செயலையும் கட்டிவைப்பது. பால் வாங்கி வருவது அன்றைக்கு எப்படியும் நடக்கும். அது நடந்ததும் அடுத்த செயல் யோசனையில்லாமல் தொடரும். அழுத்தத்தால் தளர்ந்திருக்கும் முன்புற மூளைக்கு இது பெரிய உதவி.

படியின் அளவுக்கு மினெட்டியின் மலைப்பாதையைப் போல ஒரே எண் சொல்ல முடியாது. பார்க்கத் தகுந்த அடையாளங்கள் உண்டு. ஒரே மூச்சில் முடிகிறதா, முடிந்ததா இல்லையா என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறதா, பாதியில் தடைபட்டாலும் செய்தவரை பயன்படுமா என்று பார்க்கலாம். பாடத்தைப் படி என்பது படியல்ல. மூன்றாம் பாடத்தின் முதல் ஐந்து கணக்கைப் போட்டு விடை சரிபார் என்பது படி. மாறாக, புத்தகத்தைத் திற, பேனாவை எடு, பக்கத்தைப் புரட்டு என்று வெட்டிக்கொண்டே போனால் பட்டியலே இன்னொரு மலையாகிவிடும். களைத்த நாளில் படி குட்டையாகவும் தெம்பான நாளில் நெட்டையாகவும் இருப்பது இயல்பு.

சில மலைப்புகள் வேலையிலிருந்து வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குலைவு, பசியின்மை, குளிப்பதும் உடுத்துவதும்கூடப் பெரும் பாரமாவது ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நோயின் சிகிச்சையிலும் சிறு படிக்கு மையமான இடம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவருடைய குழுவினரும் 1979இல் எழுதிய சிகிச்சை நூலிலேயே வேலைகளை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தித் தரும் முறை இருக்கிறது. செயல்தூண்டல் சிகிச்சை அதையே முதன்மையாக்கியது: மனநிலை சரியானதும் செயலில் இறங்கலாம் என்று காத்திராமல், சிறிய செயலில் இறங்கி அதன் வழியே மனநிலையை மாற்றுவது. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் சோதித்தது கோவாவின் சங்காத் அமைப்பு. விக்ரம் படேல் தலைமையிலான குழு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரைச் சேர்த்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மேம்படுத்தித் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வு ஆலோசனையும் கிடைத்தது. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். இதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அடுத்த அமர்வுக்குள் செய்யக்கூடிய செயலை நோயாளியோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, நடந்ததா என்று கேட்டு, நடக்காவிட்டால் தடை எது என்று ஆராய்ந்து இன்னும் எளிதாக்கித் தருவது அவர்கள் வேலை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நோயிலிருந்து மீண்டவர்கள் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற பிரிவில் 39 விழுக்காடு. ஆலோசனையும் பெற்ற பிரிவில் 64 விழுக்காடு.